அத்தியாயம் 6: ஜீப்பின் நாலு லிட்டர் எஞ்சினை ஸ்ட்ரோக்கர் ஆக்குதல்

பாறை ஏறும் வண்டிக்கு வேகத்தைவிட இழுவைதான் முக்கியம். கலிஃபோர்னியாவின் ரூபிகான் தடத்திலும் யூட்டாவின் மோவாப் பாறைகளிலும், பெரிய டயர் மாட்டிய செரோக்கி திணறுவது பெரும்பாலும் 2500 சுற்றுக்குக் கீழேதான். எஞ்சின் அங்கே இழுக்காவிட்டால் ஓட்டுபவர் ஆக்சிலரேட்டரை அழுத்துவார். டயர் வெறுமனே சுழன்று, திடீரெனப் பிடி கிடைக்கும்போது ஆக்ஸில் ஷாஃப்ட் முறியும். குறைந்த சுற்றில் கூடுதல் டார்க் வேண்டுமென்றால் வி8 எஞ்சின் மாற்றலாம், டர்போ வைக்கலாம். இரண்டுக்கும் வண்டியின் பாதியை வெட்டி ஒட்ட வேண்டியிருக்கும். ஸ்ட்ரோக்கரில், அதாவது நீண்ட கிராங்க் வைத்து ஸ்ட்ரோக்கைக் கூட்டிய எஞ்சினில், மாற்றம் முழுவதும் பிளாக்குக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. மவுண்ட், கியர் பாக்ஸ், ரேடியேட்டர் குழாய் எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கும். வீட்டு ஷெட்டில் வேலை செய்பவருக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரிந்து இல்லை.

ஒரே குடும்பத்து எஞ்சின்களாக இருப்பதால்தான் இது சாத்தியமாகிறது. ஏ.எம்.சி. நிறுவனத்தின் ஆறு சிலிண்டர் நேர்வரிசை எஞ்சின் 1964-இல் வந்தது. 1971-இல் அதே குடும்பத்தில் 258 கன அங்குல எஞ்சின், அதாவது 4.2 லிட்டர், சேர்ந்தது. 1987 மாடலில் 4.0 லிட்டர் வந்து 2006 வரை ஓடியது. சிலிண்டர் இடைவெளியும் கிராங்கின் மெயின் ஜர்னல் அளவும் (63.5 மி.மீ.) மாறவில்லை. 4.0-க்கு போர் 98.4 மி.மீ., ஸ்ட்ரோக் 86.7 மி.மீ. பழைய 258-க்கு போர் சிறியது, 95.25 மி.மீ.; ஸ்ட்ரோக்கோ 98.9 மி.மீ. ஆகவே 4.0-இன் அகலமான பிளாக்கில் 258-இன் நீண்ட கிராங்கை வைத்தால், போரைத் தொடாமலே 4.5 லிட்டர் கிடைத்துவிடும். 30 தௌ, அதாவது 0.76 மி.மீ. போர் பண்ணினால் 4587 சி.சி. ஆகும். பழைய 3956-ஐவிட இது 16 சதவீதம் அதிகம்.

பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் நடுவே உள்ள ஒரு மில்லிமீட்டர்

கிராங்கை மாற்றினால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள்தான் நாக்கிங் அடிக்கும் ஸ்ட்ரோக்கரோடு திண்டாடுகிறார்கள். ஒரு போல்ட்டையும் கழற்றுவதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுவிடுங்கள்.

கிராங்கின் நடுவிலிருந்து பிளாக்கின் மேல்தளம் வரை உள்ள உயரம் சுமார் 240.1 மி.மீ. அந்த உயரத்துக்குள் மூன்று நீளங்கள் அடங்க வேண்டும்: ஸ்ட்ரோக்கில் பாதி, கனெக்டிங் ராடின் நீளம், பிஸ்டன் பின்னிலிருந்து பிஸ்டன் தலை வரையான உயரம். 4.0-இன் ராடு 155.6 மி.மீ.; கம்பெனி பிஸ்டனின் பின் உயரம் சுமார் 40.7. ஸ்ட்ரோக்கில் பாதி 43.4. கூட்டினால் சுமார் 239.6 வரும். பிஸ்டன் மேல்தளத்துக்கு அரை மில்லிமீட்டர் கீழே நிற்கும்.

இப்போது 258 கிராங்கைப் போடுங்கள். ஸ்ட்ரோக்கில் பாதி 49.5 ஆகிவிட்டது. ராடையும் பிஸ்டனையும் அப்படியே விட்டால் பிஸ்டன் மேல்தளத்தைத் தாண்டி 5.6 மி.மீ. வெளியே வரும், நேராக ஹெட்டில் மோதும். கை கொடுப்பது 258-இன் சொந்த ராடுதான். அது 149.2 மி.மீ., அதாவது 4.0-இன் ராடைவிட 6.35 மி.மீ. குட்டை. கிராங்க் 6.1 மி.மீ. மேலே தள்ளுகிறது, ராடு 6.35 மி.மீ. கீழே இழுக்கிறது. கடைசியில் பிஸ்டன் பழைய இடத்துக்குக் கால் மில்லிமீட்டர் கீழே, மேல்தளத்திலிருந்து சுமார் 0.75 மி.மீ. ஆழத்தில் நிற்கும். கிராங்கும் ராடும் 258-இலிருந்து, பிஸ்டன் 4.0-இலிருந்து என்ற இந்தச் சேர்க்கைதான் செலவு குறைந்த ஸ்ட்ரோக்கர்.

ஓடுமா என்றால் ஓடும். ஆனால் அழுத்திய பின் 1.3 மி.மீ. தடிமன் உள்ள ஹெட் கேஸ்கெட்டைச் சேர்த்தால், பிஸ்டனின் தட்டைப் பகுதிக்கும் ஹெட்டுக்கும் நடுவே 2 மி.மீ. சந்து உண்டாகிறது. இருக்க வேண்டியது 1.0 முதல் 1.3 வரை. சந்து குறுகலாக இருந்தால், பிஸ்டன் மேலே வரும்போது ஓரத்தில் உள்ள கலவை பிதுங்கி நடுவுக்குப் பாய்ந்து நன்றாகக் கலங்கி, சீராக எரியும். சந்து அகலமாக இருந்தால் ஓரத்துக் கலவை அங்கேயே தங்கிச் சூடேறி, தானாக வெடிக்கும். ஏற்றத்தில் நிறைந்த பாரத்தோடு ஊர்ந்து போகும்போது கேட்கும் ‘கலகல’ சத்தம் அதுதான்.

அடுத்தது கம்ப்ரஷன் கணக்கு. ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன். உங்கள் எஞ்சினின் எண்களை நீங்களே அளந்து இதில் போட்டுக்கொள்ள வேண்டும். 30 தௌ போர் செய்த பிளாக்கில் ஒரு சிலிண்டருக்கு 764.5 சி.சி. ஹெட்டின் அறை 57 சி.சி., பிஸ்டன் தலையின் குழி 17, கேஸ்கெட்டின் தடிமனுக்குள் 10.2, மேல்தளத்துக்குக் கீழே உள்ள 0.75 மி.மீ.க்கு 5.8. கூட்டினால் 90 சி.சி. 764.5-உடன் 90-ஐக் கூட்டி 90-ஆல் வகுத்தால் 9.5 வரும்.

சந்தைக் குறைக்க பிளாக்கின் மேல்தளத்தை அரை மில்லிமீட்டர் சீவி, 1.1 மி.மீ. கேஸ்கெட் போடுகிறீர்கள் என்று வையுங்கள். சந்து 1.35 ஆகிவிடும், கிட்டத்தட்ட சரி. ஆனால் மொத்த அறை 84.5 சி.சி.யாகச் சுருங்கி, கம்ப்ரஷன் 10-ஐத் தாண்டிவிடும். அதைப் பழையபடி 9.5-க்குக் கொண்டுவர, பிஸ்டன் குழி 5.5 சி.சி. கூடுதலாக இருக்க வேண்டும். கம்பெனி பிஸ்டனை லேத்தில் கொடுத்துக் குழியை ஆழமாக்குகிறவர்கள் உண்டு. தலையின் தடிமன் குறைந்து வெப்பத்தில் ஓட்டை விழும் ஆபத்து இருப்பதால் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். ஸ்ட்ரோக்கருக்கென்றே குழி பெரிதாக வரும் பிஸ்டனை வாங்குங்கள்.

அப்படி வாங்குவதாக முடிவு செய்தால் இன்னொரு வழியும் திறக்கிறது. பின் உயரம் 34.4 மி.மீ. அளவில் உள்ள பிஸ்டன் கிடைத்தால், 4.0-இன் நீண்ட ராடையே வைத்துக்கொள்ளலாம். ராடு நீளமாக இருந்தால் பிஸ்டன் சிலிண்டர் சுவரைப் பக்கவாட்டில் அழுத்துவது குறையும். பிஸ்டனின் எடையும் குறையும். கையில் காசு இருந்தால் செலவிட வேண்டிய இடம் இதுதான். பளபளக்கும் வால்வு கவரில் அல்ல.

எவ்வளவு கம்ப்ரஷன் வைக்கலாம்? வார்ப்பிரும்பு ஹெட், காடு மேடெல்லாம் சுற்றும் வண்டி, வழியில் கிடைக்கும் பெட்ரோல் என்றால் 9.2-க்குப் பக்கத்தில் நிறுத்துங்கள். அமெரிக்க பெட்ரோல் பங்க்குகளின் 87 ஆக்டேனோடு 9.5-ஐத் தாண்டக் கூடாது என்பது என் கருத்து. 1987 முதல் 1990 வரை வந்த ரெனிக்ஸ் அமைப்பில் நாக் சென்சார் உண்டு. நாக்கிங் கேட்டால் அதுவே இக்னிஷனைப் பின்னுக்குத் தள்ளிவிடும். 1991 முதல் வந்தவற்றில் அது கிடையாது. அந்த வண்டிகளில் உங்கள் காதுதான் சென்சார்.

சாமான் தேடுவது

258 கிராங்க் சி.ஜே-7, 4.2 எஞ்சின் வந்த 1987–90 ரேங்லர், ஏ.எம்.சி. ஈகிள் கார் ஆகியவற்றில் கிடைக்கும். பழைய வண்டி உடைக்கும் யார்டுகளில் ஈகிளை யாரும் சீண்டுவதில்லை, முதலில் அதைத் தேடுங்கள். எழுபதுகளின் கிராங்குகளில் பன்னிரண்டு எதிர் எடைகள் இருக்கும். எண்பதுகளில் வந்தவற்றில் நான்குதான். எடை அதிகமுள்ளது மெதுவான ஓட்டத்துக்கு இதமாக இருக்கும், இலகுவானது சட்டென்று சுற்று ஏறும். இரண்டில் எது கிடைத்தாலும் பரவாயில்லை. முன் மூக்கின் நீளத்தை மட்டும் உங்கள் 4.0 கிராங்கோடு பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். பழையவற்றில் மூக்கு நீளமாக இருக்கும். ஸ்பேசர் போட வேண்டும், அல்லது லேத்தில் குறைக்க வேண்டும். மேனுவல் கியர் வண்டியென்றால் பின்பக்கம் பைலட் பேரிங் உட்காரும் துளையையும் அளங்கள்.

முன்னால் வரும் டேம்பர் புல்லியும் பின்னால் வரும் ஃபிளைவீலும் உங்கள் 4.0-இன் உடையதாகவே இருக்கட்டும். ஃபிளைவீல் ஓரத்தில் உள்ள வெட்டுகளைப் பார்த்துத்தான் கிராங்க் சென்சார் இக்னிஷனுக்கு நேரம் சொல்கிறது. 258-இன் ஃபிளைவீலை மாட்டினால் வண்டி ஸ்டார்ட்டே ஆகாது.

ஹெட் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. 2000-ஐ ஒட்டி வந்த 0331 என்ற வார்ப்பு எண் கொண்ட ஹெட்கள், 3-ஆம் 4-ஆம் சிலிண்டர்களுக்கு நடுவே விரிசல் விடுவதில் பேர்போனவை. உங்களிடம் அதுதான் இருக்கிறதென்றால் விரிசல் சோதனை செய்யாமல் பைசா செலவழிக்காதீர்கள். 1991–95 கால 7120 ஹெட் நல்லது.

இறக்குவதும் பிரிப்பதும்

எஞ்சின் 200 கிலோவுக்கு மேல். வாடகைக்கு ஹாயிஸ்ட் எடுங்கள், தனியாக இறக்காதீர்கள். பிரிக்கும்போது மெயின் கேப்களும் ராடு கேப்களும் எந்த எண், எந்தத் திசை என்பதைப் படம் எடுத்துவையுங்கள். இரண்டும் பிளாக்கோடு, ராடோடு சேர்த்துக் கடையப்பட்டவை. இடம் மாறினால் வட்டம் கெடும். வயர், ஹோஸ் கழற்றும் முறை உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலில் விரிவாக இருக்கிறது, அதைத் திரும்ப எழுதப் போவதில்லை.

வீட்டில் செய்ய முடியாத வேலைகள் சில உண்டு: போரிங், ஹோனிங், மேல்தளம் சீவுதல், கிராங்க் கிரைண்டிங், கேம் பேரிங் ஏற்றுதல், பேலன்ஸிங். இவற்றுக்கு நல்ல மெஷின் ஷாப் வேண்டும். பிஸ்டனை முதலில் வாங்கிக் கையில் கொண்டுபோய்க் கொடுத்து, அதன் அளவுக்குப் போர் செய்யச் சொல்லுங்கள். பிஸ்டன் வருமுன்னே ‘30 ஓவர் சைஸ்’ என்று பொதுவாகப் போர் செய்து வைக்கும் கடைக்குப் போகாதீர்கள். 60 தௌ வரை போகலாம் என்பார்கள். சுவர் தடிமனை சோனிக் கருவியால் அளக்காமல் அதற்குச் சம்மதிக்க வேண்டாம். சிலிண்டர் தேறினால் 20 தௌவோடு கூட நிறுத்திக்கொள்ளலாம். அரை சதவீத சி.சி.க்காக எஞ்சினைச் சூடேற வைப்பதில் அர்த்தமில்லை.

ஒருமுறை பொய்யாகக் கோத்துப் பார்ப்பது

மெஷின் ஷாப்பிலிருந்து பிளாக் வந்ததும் அவசரப்பட்டு ரிங் மாட்டிவிடாதீர்கள். கிராங்கை எண்ணெயிட்ட பேரிங்கில் வைத்து, 1-ஆம், 6-ஆம் சிலிண்டர்களுக்கு மட்டும் ரிங் இல்லாமல் பிஸ்டனும் ராடும் கோத்துப் பாருங்கள். இந்த ஒரு நாள் வேலைதான் பிறகு எஞ்சினை மறுபடி இறக்காமல் காப்பாற்றும்.

டயல் கேஜை மேல்தளத்தில் நிறுத்தி, பிஸ்டன் உச்சிக்கு வரும்போது அது எத்தனை கீழே இருக்கிறது என்று அளங்கள். கேஜின் முனையை பிஸ்டனின் ஓரத்தில் எங்கேயோ வைத்தால் தப்பான எண் வரும். ரிங் இல்லாத பிஸ்டன் சிலிண்டருக்குள் முன்னும் பின்னும் சாயும். பிஸ்டன் பின்னுக்கு நேர் மேலே, அந்த அச்சின் இரண்டு முனைகளிலும் அளந்து சராசரி எடுங்கள். 1-ஆம் சிலிண்டருக்கும் 6-ஆம் சிலிண்டருக்கும் எண் வேறுபட்டால் மேல்தளம் சாய்வாகச் சீவப்பட்டிருக்கிறது, திருப்பி அனுப்புங்கள்.

ஹெட்டின் அறையையும் பிஸ்டன் குழியையும் அளக்க ஒரு பியூரெட்டும் நடுவே துளையிட்ட அக்ரிலிக் தகடும் போதும். வால்வு, பிளக் மாட்டிய ஹெட்டைக் கவிழ்த்து வைத்து, விளிம்பில் லேசாக கிரீஸ் தடவித் தகட்டை ஒட்டி, நிறமூட்டிய நீரைத் துளை வழியே விடுங்கள். காற்றுக் குமிழி இல்லாமல் நிறைந்ததும் பியூரெட்டைப் படியுங்கள். ஆறு அறைகளையும் இப்படியே அளங்கள். வந்த எண்களை மேலே சொன்ன கணக்கில் போட்டுப் பார்த்து, எந்தக் கேஸ்கெட் என்பதை இப்போது முடிவு செய்யுங்கள்.

கிராங்கைக் கையால் முழுச் சுற்று சுற்றி, ராடு போல்ட்டின் தலை பிளாக்கின் அடி ஓரத்தில் உரசுகிறதா என்று பாருங்கள். எங்கேயும் ஒன்றரை மில்லிமீட்டராவது இடைவெளி வேண்டும். குறைந்தால் பிளாக்கின் அந்த ஓரத்தைக் கிரைண்டரால் கொஞ்சம் வாங்கிவிட வேண்டும். பின்னால் வந்த மாடல்களில் மெயின் கேப்களை இணைக்கும் இரும்புப் பட்டை உண்டு. எதிர் எடைகள் அதில் இடிக்கின்றனவா என்பதையும் இப்போதே சோதியுங்கள்.

கழுவுவதும் கோப்பதும்

கிரைண்டிங் தூள் எஞ்சினுக்குள் இருந்தால் புதுப் பேரிங் சில மணி நேரத்தில் போய்விடும். பெட்ரோல், டீசல் எதுவும் அந்தத் தூளை எடுக்காது. கொதிக்கக் கொதிக்க சோப்புத் தண்ணீரும், எண்ணெய்த் துளைகளுக்கான நீள பிரஷ்ஷும்தான் எடுக்கும். கிராங்கின் துளைகளிலும் பிரஷ் விடுங்கள். காய்ந்த உடனே எண்ணெய் தடவாவிட்டால் பத்து நிமிடத்தில் சிலிண்டரில் துரு பூக்கும். எண்ணெய் தோய்த்த வெள்ளைத் துணியால் சிலிண்டரைத் துடையுங்கள். துணி சாம்பல் நிறமானால் இன்னும் சுத்தமாகவில்லை, மறுபடி சோப்பு. துணி வெள்ளையாகவே திரும்பும்வரை விடாதீர்கள்.

மெயின் பேரிங் இடைவெளியை பிளாஸ்டிகேஜால் பாருங்கள்: 0.03 முதல் 0.06 மி.மீ. வரை சரி. இறுக்கிய நிலையில் கிராங்கைத் திருப்பிவிட்டால் அந்த மெழுகு இழை தேய்ந்து பொய் சொல்லும். மெயின் போல்ட் மூன்று கட்டமாக 108 நியூட்டன் மீட்டர், ராடு 45. ரிங்கைச் சிலிண்டருக்குள் இறக்கி, தலைகீழாக்கிய பிஸ்டனால் நேராகத் தள்ளிவிட்டு, முனைகளின் நடுவே ஃபில்லர் கேஜ் விடுங்கள். இந்த போருக்கு மேல் ரிங்கில் 0.4 மி.மீ. அளவு வேண்டும், ஹைபர்யூடெக்டிக் பிஸ்டனுக்கு அதன் பெட்டியில் உள்ள அதிக எண்ணைப் பின்பற்றுங்கள். ராடு போல்ட்டுகளின் முனையில் ரப்பர் குழாய் செருகி இறக்கினால் கிராங்கின் ஜர்னலில் கீறல் விழாது.

பின் மெயின் சீல் இரண்டு துண்டு. உதடு எஞ்சினின் உள்பக்கம் பார்க்க வேண்டும். கேப்பின் மூலைகளில் சீலன்ட் மறந்தால் கியர் பாக்ஸ் வாயில் எண்ணெய் சொட்டும்.

ஹெட்டுக்குப் புதிய போல்ட் வாங்குங்கள். 14 போல்ட்டையும் மேனுவலின் வரிசைப்படி முதலில் 30, பிறகு 61, கடைசியாக 149 நியூட்டன் மீட்டர். வரிசையில் 11-ஆவது போல்ட்டுக்கு மட்டும் மரையில் சீலன்ட் தடவி, 135-உடன் நிறுத்துங்கள். மேல்தளத்தையோ ஹெட்டையோ சீவியிருந்தால் புஷ் ராடு நீளமும் அளந்து பார்க்க வேண்டியதாகிறது. இந்த எஞ்சினில் ராக்கரை இறுக்கித் தளர்த்தி டேப்பெட் அளவு வைக்கும் வசதி கிடையாது.

பெட்ரோல்

16 சதவீதம் காற்று கூடினால் 16 சதவீதம் பெட்ரோலும் கூட வேண்டும். சீராக ஓடும்போது ஆக்ஸிஜன் சென்சாரைப் பார்த்து கம்ப்யூட்டரே சரிசெய்துகொள்ளும். முழு ஆக்சிலரேட்டரில் அது சென்சாரைப் பார்ப்பதில்லை. அப்போது கலவை மெலிந்து பிஸ்டன் உருகும். மணிக்கு 24 பவுண்டு அளவு இன்ஜெக்டர்கள் இந்த ஸ்ட்ரோக்கருக்குப் பரவலாகப் போடப்படுகின்றன. ரெயில் அழுத்தம் மாடலுக்கு மாடல் வேறு என்பதால் உங்கள் வண்டியின் அழுத்தத்தில் அவை எவ்வளவு தரும் என்று பாருங்கள். ஒரு வைட்பேண்ட் மீட்டர் மாட்டி, முழுப் பாரத்தில் காற்று-பெட்ரோல் விகிதம் 12.5-க்கும் 13-க்கும் நடுவே நிற்கிறதா என்று கவனிப்பதுதான் கடைசித் தீர்ப்பு.

முதல் இருபது நிமிடம்

இது தட்டை டேப்பெட் எஞ்சின். புதுக் கேமின் ஆயுள் முதல் இருபது நிமிடத்தில் தீர்மானமாகிவிடுகிறது. கேம் லோபில் கேமோடு வரும் பசையைத் தாராளமாகத் தடவுங்கள். துத்தநாகம் அதிகமுள்ள ஆயில் ஊற்றுங்கள். இன்றைய சாதாரண கார் ஆயிலில் அது குறைவு. டிஸ்ட்ரிபியூட்டரை எடுத்துவிட்டு, அந்தத் துளை வழியே நீளமான கம்பியை ட்ரில்லில் மாட்டி ஆயில் பம்பைச் சுற்றுங்கள். கேஜில் அழுத்தம் ஏறி, ராக்கர்களில் எண்ணெய் கசியும்வரை சுற்ற வேண்டும். ஸ்டார்ட் செய்யும்முன் பெட்ரோல் அழுத்தம், இக்னிஷன், தண்ணீர் எல்லாம் சரிபார்த்திருக்க வேண்டும். சும்மா ஸ்டார்ட்டரைச் சுற்றிக்கொண்டே இருந்தால் லோபில் தடவிய பசை வழிந்துவிடும்.

எஞ்சின் பிடித்தவுடன் ஐடிலில் விடாதீர்கள். 2000-க்கும் 2500-க்கும் நடுவே இருபது நிமிடம் வையுங்கள். எண்ணெய் அழுத்தம் விழுந்தாலோ தண்ணீர் கொதித்தாலோ மட்டும் நிறுத்துங்கள். முடிந்ததும் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, பழைய ஃபில்டரை வெட்டித் தாளை விரித்துப் பாருங்கள். மெல்லிய பசை போன்ற பொடி இயல்பு. மினுமினுக்கும் செதில் தெரிந்தால் வண்டியை ஓட்டாதீர்கள், சம்ப்பைக் கழற்றுங்கள்.

முதல் 800 கிலோமீட்டருக்கு டிரெய்லர் இழுக்க வேண்டாம். 5000 சுற்றில் இந்தக் கிராங்கில் பிஸ்டனின் சராசரி வேகம் விநாடிக்கு 16.5 மீட்டர், பழைய 4.0-இல் அது 14.5-தான். ஆகவே பழைய சிவப்புக் கோடு இந்த எஞ்சினுக்குப் பொருந்தாது. 4800-உடன் நிறுத்திக்கொள்ளுங்கள், இந்த எஞ்சினின் வேலை 3000-க்குக் கீழேதான் இருக்கிறது.